ஊமைக் கட்டைக்கு ஓர் உரை

மன்னிப்பதுதான் பெருந்தன்மை என்று முருகேஸ்வரியிடம் போய்ச் சொல்லிவிட முடியாது. சொன்னால், "உங்ககிட்டருந்து யாராச்சும் எதையாச்சும் உருவிட்டுப் போயிருக்காகளா? போயிருந்தா பேசுங்க. இல்லன்னா டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்பாள். அப்படிக் கிளம்பிப் போனவர்கள் அந்த எஸ்டேட்டில் நாலைந்து பேராவது இருப்பார்கள்.

ஏலப்பாறையிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் ஏறினால் மேல் பங்களா வரும். வெள்ளைக்காரத் துரைமார் இருந்த வீடு. இப்போது சுற்றுலா வருகிறவர்கள் தங்குகிறார்கள். அறை கூட்டுவது, படுக்கை விரிப்பது, காலையில் டீ கொண்டுபோய்க் கொடுப்பது முருகேஸ்வரியின் வேலை. நாற்பத்து மூன்று வயது. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து கிள்ளியவள். புருஷன் மாரீஸ்வரனுக்கு எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை.

பங்களா ஹாலின் மூலையில் ஒரு பியானோ இருக்கிறது. துரை ஊருக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்டுப்போனது. தூசி துடைக்கப் போனவள்தான் அவள். துணி பட்டு ஒவ்வொரு கட்டையாகச் சத்தம் வர, ஒருநாள் துணியைக் கீழே வைத்துவிட்டு விரலை வைத்தாள். பிறகு போனில் வீடியோ பார்த்துப் பழகினாள். பழகுவது லேசாக இல்லை. கொழுந்து கிள்ளிய கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மின்னலாகப் போகும். மற்ற மூன்றும் வேலைநிறுத்தம் செய்யும். வீடியோவில் எட்டு வயதுப் பிள்ளைகள் பத்து விரலையும் குதிரை மாதிரி ஓட்டுவதைப் பார்த்து இரண்டு முறை பியானோவை மூடிவிட்டாள்.

மூன்றாம் முறை திறந்ததற்குக் காரணம் தற்செயலாகக் கேட்ட ஒரு பாட்டு. எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஏதோ ஒரு மடத்தில் கன்னிகாஸ்திரீகள் பாடியதாம். ஒரே குரல். தாளக்கட்டு கிடையாது. யாருக்கும் எங்கேயும் போக வேண்டிய அவசரம் இல்லை. இரண்டு விரலே போதும்.

"இவுகளும் நம்மள மாதிரி மலையில குளுருல கெடந்தவுக போல" என்று மாரீஸ்வரனுக்குப் போட்டுக் காட்டினாள்.

அவன் கொஞ்ச நேரம் கேட்டான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ செத்துப்போன வீட்ல பாடுறாப்ல இருக்கு" என்றான்.

அதோடு அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வெளிநாட்டு நூலகங்கள் பழைய தோல் ஏடுகளைப் படம் பிடித்து எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. நாலே நாலு சிவப்புக் கோடு, மேலே சதுரச் சதுரமாய்க் கறுப்புப் புள்ளிகள். அதை வாசிக்க மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பென்சிலால் நாலு கோடு இழுத்து, தனக்குப் பிடித்த பாட்டுகளைப் பார்த்து எழுதி வைத்தாள்.

அப்படித் தேடும்போது ஓர் ஏடு கிடைத்தது. இரண்டு குரலுக்கான பாட்டு. கீழ்க்குரல் முழுசாக இருந்தது. மேல்குரல் இருந்த பாதித் தாளை எந்தக் காலத்திலோ எவனோ கத்தியால் வெட்டிக்கொண்டு போயிருந்தான். அந்த ஓட்டையை அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, மேல்குரலைத் தானே எழுதினாள். பெற்ற இரண்டு பிள்ளைகளுக்கு அப்புறம் அவள் சொந்தமாக உண்டாக்கியது அது ஒன்றுதான்.

எழுதும்போது ஒரு தொல்லை இருந்தது. அந்தப் பியானோவில் நட்ட நடுக் கட்டையிலிருந்து எண்ணினால் ஏழாவதாக வரும் வெள்ளைக் கட்டை ஊமை. உள்ளே கம்பியைத் தட்டுகிற சின்ன மரச் சுத்தியல் முறிந்திருந்தது. அமுக்கினால் டொக் என்று மரச் சத்தம் மட்டும் வரும். ஃபேக்டரி ஃபிட்டர் சோலை வந்து பசை போட்டு ஒட்டிப் பார்த்தார். மூன்றாம் நாளே மறுபடி விட்டுக்கொண்டது. அதனால் மேல்குரலை அந்தக் கட்டை பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனாள். இரண்டு இடத்தில் மட்டும் அந்தக் கட்டைதான் வேண்டும் என்று காது அடம்பிடித்தது. அந்த இரண்டு இடத்திலும் சின்ன வட்டம் போட்டு வைத்தாள். வாசிக்கும்போது அங்கே வந்தால் கையை நிறுத்திவிட்டு வாயால் பாடிக்கொள்வாள்.

ராமபத்ரன் வந்தது ஜூன் மாதத்தில். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அடைமழையில் பங்களாவில் அவர் ஒருவர்தான் விருந்தாளி. மத்தியானம் தூங்கி எழுந்து வந்தவர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இப்போ வாசிச்சது ஆரு?"

"நாந்தான் சார்."

"நீயா? நன்னா இருக்கே! எங்கேர்ந்து கத்துண்டே?"

"போன்ல பாத்துதான் சார்."

அவருக்குச் சங்கீதம் தெரியும், அதில் பொய் இல்லை. நோட்டை வாங்கி ஒரு மணி நேரம் பார்த்தார். மேல்குரல் எங்கே கிடைத்தது என்று கேட்டார். வெட்டுப்பட்டுப் போய்விட்டது, நானே எழுதினேன் என்று அவள் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாங்க ஒரு குரூப் வெச்சிண்டிருக்கோம். ஞாயிறு பியானோன்னு பேரு. ஆரும் தொழிலுக்கு வாசிக்கறவா இல்லே. பல் டாக்டர், கடைக்காரர், வாத்தியார், இப்படி. பழசு எங்கே கெடச்சாலும் தேடிப் பிடிச்சு ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிப்போம். இதைப் போட்டா எல்லாரும் அசந்துடுவா. படம் எடுத்துக்கட்டுமா?"

"பேரு போடுவீகளா சார்?" என்று கேட்டாள். கேட்கவே வெட்கமாக இருந்தது.

"பின்னே? பேர் இல்லாமயா?"

பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார். மறுநாள் கிளம்பிப் போனார். ஜீப் வளைவு திரும்பின பிறகுதான் அவளுக்கு உறைத்தது: மூன்று நாளில் ஒரு தடவைகூட அவர் அவள் பேரைக் கேட்கவில்லை. ஏம்மா, இந்தாம்மா, அவ்வளவுதான். மேனேஜரிடம் கேட்டுக்கொண்டிருப்பார் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். நல்லவளாக இருந்த காலம்.

அடுத்த ஏப்ரலில் தொடுபுழாவிலிருந்து நிமி என்ற மலையாளத்துப் பல் டாக்டர் வந்து தங்கினாள். பியானோவைப் பார்த்ததும் ஓடிப்போய் உட்கார்ந்தாள். நாலு பாட்டு வாசித்துப் பார்த்து முகம் சுளித்தாள்.

"சேச்சி, இந்த ஒரு கீ வொர்க் ஆகலையே. எந்தப் பாட்டு வாசிச்சாலும் அங்க வந்து எடறுது."

பிறகு ஐந்தாவதாக ஒன்றை வாசித்தாள். காபித் தட்டோடு வந்த முருகேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுடைய மேல்குரல்.

"இது மட்டும் எடறவே இல்ல பாருங்க" என்று நிமி சிரித்தாள். "ராமபத்ரன் சார் கண்டுபிடிச்சதாணு. எண்ணூறு வருஷம் காணாமப் போயிருந்த குரலாம். ஞங்ஙளோட குரூப்பில பெரிய ஹிட்."

போனை எடுத்துக் காட்டினாள். கீழே எழுதியிருந்தது: மேல்குரல் மீட்டுருவாக்கம், ராமபத்ரன், கல்பாத்தி. அவள் போட்ட இரண்டு வட்டமும் அப்படியே இருந்தன.

முருகேஸ்வரி அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டாள், சமையல்காரனைத் திட்டினாள், தொழிலாளர் லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த மனுஷனின் வழுக்கைத் தலையை மனசுக்குள் என்னென்னவோ செய்தாள். ஆனால் நிமியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என்னையும் அந்தக் குரூப்புல சேத்து விடுதீகளாம்மா? எனக்கும் கேக்கப் பிடிக்கும்" என்று மட்டும் கேட்டாள். நிமி சந்தோஷமாகச் சேர்த்துவிட்டாள்.

"நம்பரு கெடச்சிருச்சுல்ல? போன் போட்டு நாலு கேள்வி நறுக்குனு கேட்ரு" என்றான் மாரீஸ்வரன்.

"கேட்டா, மன்னிச்சுக்கோம்மான்னு ஒத்த வார்த்தையில முடிச்சிருவாரு. எனக்கு ஒத்த வார்த்த பத்தாது."

குரூப்பில் முருகேஸ்வரி என்ற பெயரைப் பார்த்து ராமபத்ரன் கைகூப்புகிற படம் அனுப்பி வரவேற்றார். அவருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரிய வழியில்லை. கேட்டிருந்தால்தானே?

ஒரு வாரம் கழித்து முதல் கேள்வியைப் போட்டாள். "சார், மேல்குரல் அந்த ஏழாவது கட்டைய ஒரு எடத்துலயும் தொடலையே, அது ஏன்?"

அவர் அதைக் கவனித்தே இருக்கவில்லை என்பது ஒருநாள் முழுக்கப் பதில் வராததிலிருந்தே தெரிந்தது. மறுநாள் காலையில் மூன்று முழ நீளத்துக்குப் பதில் வந்தது. அந்தக் காலத்தில் அந்தக் கட்டையும் நாலாவது கட்டையும் சேர்ந்து ஒலிப்பதை ஆகாத சேர்க்கை என்று ஒதுக்கியது உண்டாம். பிசாசின் சேர்க்கை என்றே பேராம். ஆகவே, அந்தப் பாடகர்களின் மனநிலைக்குள் புகுந்து, அந்தக் கட்டையையே விலக்கி மேல்குரலை அமைத்தாராம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். முருகேஸ்வரி செய்ததெல்லாம் அந்த நுணலுக்கு வாய் திறக்க வசதி செய்து கொடுத்ததுதான். பதினைந்து நாளுக்கு ஒரு கேள்வி. மரியாதையாக, ஒன்றும் தெரியாதவளாக. "சார், அந்த ரெண்டு வட்டம் எதுக்கு?" பதில்: பாடகர்கள் அந்த விலக்கப்பட்ட ஒலியை மனத்தில் நினைத்து மௌனம் காக்கும் இடம். "சார், மௌனத்துல அவுக என்ன நெனப்பாக?" பதில்: பாவத்தை. அந்தப் பதிலைப் படித்து அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு முருங்கைக் கிளையில் இருந்த காக்கை பறந்தது.

குரூப்பில் அவர் புகழ் ஏறிக்கொண்டே போனது. குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் மிக்கேல்ராஜ் என்பவர் பக்தி முற்றி, தான் வாசிக்கும் எல்லாப் பாட்டிலும் அந்தக் கட்டையை விட்டு வாசிக்கத் தொடங்கினார். கேட்கச் சகிக்கவில்லை. எல்லாரும் கை தட்டுகிற படம் அனுப்பினார்கள்.

செப்டம்பரில் ராமபத்ரன் அறிவித்தார்: இந்த ஆராய்ச்சியை நாற்பது பக்கப் புத்தகமாகப் போடுகிறேன். 'விலக்கப்பட்ட கட்டை' என்று பேர். அக்டோபரில் பாலக்காட்டில் ஒரு ஹாலில் வெளியீடு, குரூப்பில் எல்லாரும் வர வேண்டும். முன்னுரையைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். கடைசி வரி: தம் கூரிய கேள்விகளால் இந்நூலுக்கு வித்திட்ட திருமதி முருகேஸ்வரி அவர்களுக்கு நன்றி. முதல் பிரதியை அவரே பெற்றுக்கொள்வார்.

மாரீஸ்வரன் அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். "ஒம் பேரு அச்சுல வந்துருச்சு பிள்ள!"

"வந்துருக்கு. தப்பான எடத்துல" என்றாள்.

அன்று மாலை சோலையைக் கூப்பிட்டு பியானோவைத் திறக்கச் சொன்னாள். அந்த முறிந்த சுத்தியலைக் கழற்றித் தர வேண்டும் என்றாள். "ஒடஞ்சுபோன சாமானை வச்சு என்னம்மா செய்யப் போற?" என்று கேட்டுக்கொண்டே கழற்றினார். கட்டைவிரல் நீளம் இருந்தது. தலையில் கம்பளித் துணி சுற்றியிருந்தது. கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

வெளியீட்டன்று விடியற்காலை முதல் பஸ்ஸில் கோட்டயம், அங்கிருந்து ரயில். ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். மேடையில் பளபளவென்று ஒரு பெரிய பியானோ. ராமபத்ரன் பட்டு ஜிப்பா போட்டு அரை மணி நேரம் பேசினார். அந்தப் பாட்டை வாசித்தார். நன்றாகவே வாசித்தார், அதுவேறு அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வட்டம் வந்த இடத்திலும் கண்ணை மூடி, மௌனம் காத்து, தலையை ஆட்டினார். முன்வரிசையில் மிக்கேல்ராஜும் ஆட்டினார்.

"இப்போ முதல் பிரதி. நேர்ல நான் பாத்ததே இல்லே. இப்படிக் கேக்கத் தெரிஞ்சவா நம்ம குரூப்ல இருக்கறது நம்ம பாக்கியம். முருகேஸ்வரி அம்மா, மேடைக்கு வாங்கோ!"

அவள் ஏறினாள். நீட்டிய புத்தகம் அவர் கையிலேயே நின்றது.

"நீ... அந்த பங்களாவிலே..."

"ஆமா சார். அறை கூட்டுறவ. முருகேஸ்வரின்றது எம் பேருதான்" என்று மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டாள். ரயிலில் வரும்போது பேச்சு ஒன்று தயார் செய்திருந்தாள். அதில் முக்கால்வாசி வசவு. மைக்கைப் பிடித்ததும் அதெல்லாம் வேண்டாம் என்று தோன்றியது. கைக்குட்டையை அவிழ்த்து, சுத்தியலை மேசைமேல் வைத்தாள்.

"இது எங்க பங்களா பியானோவோட சுத்தியலு. ஏழாவது கட்டைக்கு உள்ளது. ஒடஞ்சு ஆறு வருசம் ஆச்சு. அந்தக் கட்ட சத்தம் போடாது. அதான் நான் எழுதுன மேல்குரல்ல அது வரல. பாவமும் இல்ல, பிசாசும் இல்ல. அந்த வட்டம் நான் போட்டது. இங்க கட்ட ஊமைன்னு அடையாளம். நோட்டு இந்தா இருக்கு. சாரு இத மழைக்குள்ள வந்து படம் எடுத்துட்டுப் போனாக."

பின்வரிசையில் நிமி எழுந்து நின்றுவிட்டாள். "எண்டெ தெய்வமே! அந்த கீ! நான் வாசிச்சிருக்கேன், அது வொர்க் ஆகாது! இந்தப் பாட்டு மட்டுந்தான் எடறாம வந்தது!"

முருகேஸ்வரி அந்தப் பளபளப்புப் பியானோவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். இவ்வளவு நல்ல பியானோவை அவள் தொட்டதே இல்லை. கீழ்க்குரலைத் தொடங்கி, மேல்குரலைச் சேர்த்து, முதல் வட்டம் வந்த இடத்தில் ஏழாவது கட்டையை அமுக்கினாள். வாயால் மட்டுமே பாடி வைத்திருந்த அந்த ஒலி, முதல் தடவையாக வெளியே வந்தது. அவள் நினைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, வரட்டும் என்று விட்டாள். தன் பாட்டைத் தானே முழுசாகக் கேட்க அவளுக்குப் பாலக்காடு வரை வர வேண்டியிருந்தது.

முடிந்தபோது கைதட்டல் எழவில்லை. மிக்கேல்ராஜின் குரல்தான் எழுந்தது. "அப்ப நான் இம்புட்டு நாளு ஒரு கட்டைய விட்டுட்டு வாசிச்சதெல்லாம்?"

யாரோ ஒருவர் சிரித்தார். அது பரவி ஹால் முழுக்கச் சிரித்தது. ராமபத்ரன் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, எதையோ தேடுவதுபோல ஜிப்பாப் பையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தை முருகேஸ்வரி கண்ணெடுக்காமல் பார்த்தாள். பாவம் என்று ஒரு பொட்டுகூடத் தோன்றவில்லை. இனித்தது.

வெளியே அவள் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்தார்.

"எங்கிட்டே தனியாச் சொல்லியிருக்கப்டாதோ? நான் திருடணும்னு பண்ணலே. ஒரு பங்களாவிலே அறை கூட்டறவ எழுதினதுன்னா ஆரு கேப்பா? பாட்டு நாலு பேர்கிட்டப் போகணும்னுதான்..."

"நாலு பேரு முன்னாலதான சார் எடுத்தீக? குடுக்குறது மட்டும் தனியாவா?" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

ராமபத்ரன் அன்றே குரூப்பைவிட்டு விலகினார். நிமியும் மற்றவர்களும் சேர்ந்து முருகேஸ்வரியையே அட்மின் ஆக்கினார்கள். மேல்குரல் இப்போது அவள் பெயரில் போகிறது. எங்கேயோ போர்ச்சுகலில் ஒரு தாத்தா அதை வாசித்து அனுப்பியிருக்கிறார், தலைப்பில் அவள் பெயரை எழுத்துக் கூட்டிச் சரியாகவே எழுதியிருக்கிறார்.

ஜனவரியில் அவள் புதிதாக ஒன்று எழுதிப் போட்டாள், மூன்று குரலுக்கு. எல்லாரும் சூப்பர் என்றார்கள், பூப் படம் அனுப்பினார்கள். மூன்றாம் வரியில் நடுக்குரல் எங்கேயோ தடுமாறுகிறது, அவளுக்கே தெரிகிறது, எங்கே என்று பிடிபடவில்லை. குரூப்பில் ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடிய காது யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

அதே வாரத்தில்தான் அந்த வேண்டுகோள் வந்தது. ராமபத்ரன் குரூப்பில் சேர விரும்புகிறார். காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தார்: "முருகேஸ்வரி அம்மா, நான் ஒண்ணும் போட மாட்டேன். கேட்டுண்டு மட்டும் இருக்கேன்."

கீழே இரண்டு பொத்தான். சேர்த்துக்கொள்ளலாம், தள்ளிவிடலாம். முருகேஸ்வரி இரண்டையும் அமுக்கவில்லை. தள்ளிவிட்டால் அந்த வரி மறைந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை தோறும் திறந்து, தன் பெயர் போட்ட அந்த வரியை ஒரு தரம் படித்துவிட்டு மூடிவைக்கிறாள். போன ஞாயிறு மாரீஸ்வரன் எட்டிப் பார்த்தான்.

"பாவம்டி, வயசான மனுசன். எத்தன நாளைக்கு வாசல்ல நிப்பாட்டுவ?"

"எம் பேரு என்னன்னு தெரிஞ்சுக்க அவருக்குப் பதினாறு மாசம் ஆச்சு" என்றாள் முருகேஸ்வரி. "எனக்கு இன்னும் ரெண்டுகூட முடியல."